சூரிய ஐதரசன்

சூரிய ஐதரசன் என்பது சூரியவொளியின் ஆற்றலைப் பயன்படுத்தி நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஐதரசன் (ஹைட்ரஜன்) வளிமம் ஆகும். இவ்வளிமம் எரியும்போது நீர் மட்டுமே உண்டாவதால், நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றுக்கு மாற்றாக இது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றது. சூரியவொளி இலவசமாகக் கிடைப்பினும், அதிலிருந்து பெறப்படும் ஐதரசன் இலவசமானதன்று. ஆற்றல் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறும் ஒவ்வொரு படியிலும் இழப்பு ஏற்படுகின்றது. அந்த இழப்பும், கருவிகள் ஓர் ஆண்டில் எத்தனை மணிநேரம் இயங்குகின்றன என்பதும் சேர்ந்தே ஐதரசனின் விலையைத் தீர்மானிக்கின்றன.

இக்கட்டுரை சூரிய ஐதரசனின் வினைத்திறனையும் பொருளாதாரத்தையும் விளக்குகின்றது. வெயில் மிகுந்ததும் நிலப்பரப்பில் சிறியதுமான புதுச்சேரி நகரும் அதன் சுற்றுவட்டாரமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

அடிப்படை

நீர் மூலக்கூறு இரண்டு ஐதரசன் அணுக்களும் ஓர் ஆக்சிசன் அணுவும் சேர்ந்தது. இப்பிணைப்பைப் பிரிக்க ஆற்றல் தேவை. ஒரு கிலோகிராம் ஐதரசனை நீரிலிருந்து பெறுவதற்குக் கோட்பாட்டளவில் சுமார் 39.4 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். (ஒரு கிலோவாட் மணி என்பது மின் கட்டணப் பட்டியலில் ஒரு யூனிட் எனக் குறிப்பிடப்படும் அளவாகும்.) நடைமுறையில் இயங்கும் மின்னாற்பகுப்புக் கலங்கள் துணைக் கருவிகளையும் சேர்த்து 50 முதல் 55 கிலோவாட் மணி வரை எடுத்துக்கொள்கின்றன.

அதே ஒரு கிலோகிராம் ஐதரசன் எரிந்து நீராவியாக வெளியேறும்போது பயன்படத்தக்க வெப்பமாகக் கிடைப்பது சுமார் 33.3 கிலோவாட் மணியே. எனவே 55 யூனிட் செலவிட்டு 33 யூனிட் பெறப்படுகின்றது. ஐதரசன் ஓர் ஆற்றல் மூலம் அன்று, ஆற்றலைச் சுமந்து செல்லும் ஊர்தி மட்டுமே என்று கூறப்படுவதன் பொருள் இதுவே.

வரலாறு

1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மன் பெக்கெரல் கரைசல் ஒன்றில் அமிழ்த்தப்பட்ட மின்வாய்களின் மீது ஒளி படும்போது மின்னோட்டம் உண்டாவதைக் கண்டறிந்தார். ஒளிமின்னழுத்த விளைவின் தொடக்கம் இதுவாகும். 1972இல் யப்பானைச் சேர்ந்த அக்கிரா புயிசிமா, கெனிச்சி ஒண்டா ஆகியோர் தைட்டானியம் ஈராக்சைடு மின்வாயின் மீது ஒளியைச் செலுத்தி நீரைப் பிரிக்க இயலும் என்று நேச்சர் இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே உலகளாவிய எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டதால் இக்கண்டுபிடிப்பு பெரும் கவனத்தைப் பெற்றது.

உற்பத்தி முறைகள்

சூரியவொளியிலிருந்து ஐதரசன் பெறும் முறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. ஒளிமின்கலமும் மின்னாற்பகுப்பும்: சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன. அம்மின்சாரம் தனியான கலத்தில் நீரைப் பிரிக்கின்றது. வணிக அளவில் இன்று நடைமுறையில் உள்ள முறை இதுவே.

2. ஒளிமின்வேதி முறை: ஒளியை உறிஞ்சும் குறைகடத்தியே மின்வாயாகவும் அமைகின்றது. 1998இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 12.4 விழுக்காடு வினைத்திறன் எட்டப்பட்டது. எனினும் கரைசலில் மின்வாய் அரிக்கப்படுவது இம்முறையின் தீராத சிக்கலாகும்.

3. ஒளிவினையூக்கி முறை: வினையூக்கித் துகள்கள் நீருடன் சேர்ந்து ஒளியில் வைக்கப்படுகின்றன. கருவி மிக எளியது, வினைத்திறனோ மிகக் குறைவு. 2021இல் யப்பானில் 100 சதுர மீட்டர் பரப்பில் அமைக்கப்பட்ட சோதனைக் களத்தில் அதிகபட்சமாக 0.76 விழுக்காடு பதிவாகியது. 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர், குவிக்கப்பட்ட ஒளியைக் கொண்டு ஆய்வகத்தில் 9.2 விழுக்காடும், வெளிப்புற வெயிலில் 6.2 விழுக்காடும் பெற்றனர்.

4. வெப்பவேதி முறை: ஆடிகளால் குவிக்கப்பட்ட வெயிலின் உயர் வெப்பத்தைக் கொண்டு உலோக ஆக்சைடுகள் வழியாக நீர் பிரிக்கப்படுகின்றது. இது ஆய்வு நிலையிலேயே உள்ளது.

2016இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முதல் முறையைக் கொண்டே 30 விழுக்காடு வினைத்திறன் 48 மணிநேரம் நிலைநிறுத்தப்பட்டது. ஆனால் அதில் பயன்பட்டவை விலையுயர்ந்த பல்லடுக்கு ஒளிமின்கலங்களாகும். ஆய்வகச் சாதனை எண்ணும் சந்தையில் கிடைக்கும் கருவியின் எண்ணும் வெவ்வேறானவை என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

வினைத்திறன்: ஒரு சதுர மீட்டர் கணக்கு

புதுச்சேரி கடற்கரைப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது நாளொன்றுக்குச் சராசரியாக 5 முதல் 5.5 கிலோவாட் மணி வரை சூரிய ஆற்றல் விழுகின்றது. ஆண்டுக்கு இது ஏறத்தாழ 1,900 கிலோவாட் மணி ஆகும். மாடி ஒன்றில் ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு வைக்கப்பட்டால், அந்த ஆற்றல் படிப்படியாகப் பின்வருமாறு குறைகின்றது.

தகட்டின் மீது விழும் ஒளி: 1,900 கிலோவாட் மணி
தகட்டிலிருந்து கிடைக்கும் மின்சாரம் (20 விழுக்காட்டுத் தகடு, வெப்பம், தூசு, கம்பி இழப்புகள் நீங்கலாக): சுமார் 300 கிலோவாட் மணி
மின்னாற்பகுப்புக்குப் பின் ஐதரசனில் உள்ள ஆற்றல் (சுமார் 5.5 கிலோகிராம்): சுமார் 180 கிலோவாட் மணி
அழுத்திச் சேமிப்பதற்கான செலவு கழித்தபின்: சுமார் 165 கிலோவாட் மணி
எரிபொருள் கலத்தின் வழியாக மீண்டும் மின்சாரமாக்கினால்: சுமார் 80 கிலோவாட் மணி

அதே 300 கிலோவாட் மணி மின்சாரத்தை இலித்தியம் மின்கல அடுக்கில் சேமித்து எடுத்தால் ஏறத்தாழ 260 கிலோவாட் மணி திரும்பக் கிடைக்கும். நேரடியாகப் பயன்படுத்தினால் முழுமையும் கிடைக்கும். ஆகவே பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவில் விளக்கெரிக்க ஐதரசனாக மாற்றுவது, மின்கலத்தை விட மூன்று மடங்குக்கும் மேற்பட்ட தகடுகளைக் கோருகின்றது.

எடுத்துக்காட்டு: சமையல் எரிவாயு

ஒரு குடும்பம் மாதம் ஒன்றுக்கு 14.2 கிலோகிராம் எடையுள்ள சமையல் எரிவாயு உருளை ஒன்றைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 180 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. அடுப்பில் வீணாவது போகப் பாத்திரத்தைச் சேர்வது சுமார் 115 கிலோவாட் மணி ஆகும்.

இதே வெப்பத்தை ஐதரசன் அடுப்பில் பெற 5.4 கிலோகிராம் ஐதரசன் தேவைப்படும். அதனை உண்டாக்க ஏறத்தாழ 300 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்தூண்டல் அடுப்பில் (இண்டக்சன் அடுப்பு) இதே சமையலுக்கு ஏறத்தாழ 135 யூனிட் போதும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஐதரசன் வழிக்கு 12 சதுர மீட்டர் தகடும், மின் அடுப்பு வழிக்கு ஐந்தரைச் சதுர மீட்டர் தகடும் தேவைப்படுகின்றன. நெருக்கமான வீடுகள் கொண்ட ஒரு நகரில் இந்த வேறுபாடு சிறியதன்று.

வெயிலை மின்சாரமாகவும் மாற்றாமல் வெப்பமாகவே பயன்படுத்துவது மற்றொரு வழியாகும். புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தின் மேற்கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் ஒன்று நிறுவப்பட்டுள்ளது. அசையாத கோள வடிவ ஆடி வெயிலைக் குவிக்க, அசையும் வாங்கி ஒன்று அதனைப் பெற்று நீராவி உண்டாக்கும் வகையில் இது அமைந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கான உணவைச் சமைக்கும் நோக்கில் இது வடிவமைக்கப்பட்டது. முகில் சூழ்ந்த நாட்களுக்காக டீசல் கொதிகலனும் உடன் வைக்கப்பட்டது. வெயிலைச் சேமிக்க இயலாமையே இத்தகைய அமைப்புகளின் குறை. ஐதரசன் நிரப்ப முனைவது இந்தக் குறையையே.

பொருளாதாரம்

ஐதரசனின் விலையில் இரண்டு பெரும் கூறுகள் உள்ளன. ஒன்று மின்சாரத்தின் விலை, மற்றொன்று மின்னாற்பகுப்புக் கருவியின் முதலீடு.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் குசராத்தில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் ஒரு யூனிட் 1.99 ரூபாய்க்கு வந்தது. கணக்கின் எளிமைக்காக ஒரு யூனிட் 2.50 ரூபாய் எனக் கொண்டால், ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு மின்சாரச் செலவு மட்டும் 55 யூனிட்டுக்கு ஏறத்தாழ 137 ரூபாய் ஆகின்றது.

அடுத்தது முதலீடு. ஒரு கிலோவாட் திறனுள்ள மின்னாற்பகுப்புக் கருவிக்கு நிறுவும் செலவு உட்பட 80,000 ரூபாய் எனவும், அதில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு திரும்பப் பெறப்பட வேண்டும் எனவும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 8,000 ரூபாய். இக்கருவி சூரியத் தகட்டை மட்டும் நம்பி இயங்கினால், ஆண்டின் 8,760 மணிநேரத்தில் ஏறத்தாழ 1,750 மணிநேரத்துக்குச் சமமான அளவே முழுத்திறனில் இயங்கும். அப்போது கிடைப்பது 32 கிலோகிராம். முதலீட்டுச் செலவு கிலோவுக்கு 250 ரூபாய் ஆகின்றது. மொத்தம் 387 ரூபாய்.

இதே கருவிக்கு வெயிலுடன் காற்றாலை மின்சாரமும் சேர்த்து வழங்கி, ஆண்டில் 60 விழுக்காடு நேரம் இயக்கினால் 95 கிலோகிராம் கிடைக்கும். முதலீட்டுச் செலவு கிலோவுக்கு 84 ரூபாயாகக் குறையும். கலப்பு மின்சாரத்தின் விலை யூனிட் 4 ரூபாய் என உயர்ந்தாலும் (கிலோவுக்கு 220 ரூபாய்) மொத்தம் 304 ரூபாயே ஆகும். அதாவது விலை குறைந்த மின்சாரத்தைச் சில மணிநேரம் பெறுவதைக் காட்டிலும், சற்று விலை கூடிய மின்சாரத்தைப் பல மணிநேரம் பெறுவது இலாபமாக அமையக்கூடும். கருவியின் விலை குறையக் குறைய இந்த வேறுபாடும் குறையும்.

தமிழ்நாட்டின் கணவாய்ப் பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை காற்று வலுவாக வீசுகின்றது. அம்மாநிலத்தில் சூரிய, காற்றாலை மின்சாரத்தை இணைத்து ஐதரசன் உற்பத்தி செய்யும் திட்டங்கள் முன்வைக்கப்படுவதற்கு இதுவே காரணம். புதுச்சேரியின் சமவெளிக் கடற்கரைக்கு அத்தகைய கணவாய்க் காற்று இல்லை.

பிற ஐதரசனுடன் ஒப்பீடு

இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலைகளிலும் பயன்படும் ஐதரசனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயு முதலான புதைபடிவ எரிபொருள்களிலிருந்து பெறப்படுகின்றது. இயற்கை எரிவாயு முறையில் ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஒன்பது முதல் பத்து கிலோகிராம் கரியமில வாயு வெளியாகின்றது. இது சாம்பல்நிற ஐதரசன் எனப்படும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் பெறப்படுவது பசுமை ஐதரசன் எனப்படும்.

மின்னாற்பகுப்பால் கிடைத்தது என்பதனாலேயே ஐதரசன் பசுமையாகிவிடாது. நிலக்கரி மிகுந்த இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகின்றது. அம்மின்சாரத்தில் 55 யூனிட் செலவிட்டால் ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு 38 கிலோகிராமுக்கு மேல் கரியமில வாயு சேரும். இது சாம்பல்நிற ஐதரசனை விட ஏறத்தாழ நான்கு மடங்கு. 2023 ஆகத்தில் இந்திய அரசு வெளியிட்ட வரையறையின்படி, ஒரு கிலோகிராமுக்கு 2 கிலோகிராமுக்கு மேற்படாத கரியமில வாயுச் சமானம் கொண்டதே பசுமை ஐதரசன் ஆகும்.

அரசுத் திட்டங்கள்

இந்திய அமைச்சரவை 2023 சனவரி 4 அன்று தேசிய பசுமை ஐதரசன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தித் திறனை எட்டுவது இதன் இலக்காகும். உற்பத்தியாளர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளில் கிலோவுக்கு முறையே அதிகபட்சம் 50, 40, 30 ரூபாய் ஊக்கத்தொகை வழங்க வகை செய்யப்பட்டது. 2025இல் அரியானாவின் பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலைக்கு ஆண்டுக்கு 10,000 டன் வழங்கும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு கிலோ சுமார் 397 ரூபாய் என விலை வந்தது.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் 3.87 கோடி ரூபாய் செலவிலான பசுமை ஐதரசன் முன்மாதிரி ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. இதன் திறன் மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வண்டி மின்னேற்ற நிலையத்துக்கும் மின்சாரம் தருவது இதன் பயனாக அறிவிக்கப்பட்டது. தெருவிளக்கை ஐதரசனால் எரிப்பது வினைத்திறன் நோக்கில் சிறந்த வழி அன்று. இத்தகைய சிறு ஆலையின் பயன், பாதுகாப்பாகக் கையாளும் பட்டறிவைப் பெறுவதிலேயே உள்ளது.

புதுச்சேரியின் நிலை

நிலம்: புதுச்சேரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 294 சதுர கிலோமீட்டர். பிரெஞ்சு ஆட்சிக்கால எல்லைகள் தொடர்வதால் இது ஒன்றோடொன்று தொடர்பற்ற பல துண்டுகளாக உள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 9.5 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். பானிப்பட்டுத் திட்டத்தின் அளவான 10,000 டன் ஐதரசனை ஆண்டுதோறும் சூரியவொளியில் மட்டும் உண்டாக்க 55 கோடி யூனிட் மின்சாரம் தேவை. இதற்குச் சுமார் 340 மெகாவாட் சூரியத் தகடுகளும், அவற்றுக்கு ஆறு முதல் ஏழு சதுர கிலோமீட்டர் நிலமும் வேண்டும். வயலும் வீடும் நெருங்கியுள்ள மாவட்டத்தில் இது எளிதன்று.

நீர்: ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு வேதியியல் கணக்கின்படி 9 லிட்டர் நீர் தேவை. தூய்மிப்பில் கழிவதையும் குளிர்விப்பையும் சேர்த்தால் இது 20 லிட்டரையும் தாண்டக்கூடும். புதுச்சேரியின் கடலோர நிலத்தடி நீரில் உவர்நீர் ஊடுருவல் அறியப்பட்ட சிக்கலாகும். ஆயினும் கடல்நீரை நன்னீராக்க ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட்டே செலவாவதால், 20 லிட்டருக்கு ஆகும் செலவு 55 யூனிட்டின் முன் மிகச் சிறியது. எனவே ஆலை நிலத்தடி நீரை எடுக்காதிருக்கச் செய்வது பொருளாதார நோக்கில் இயலக்கூடியதே.

தொழில்: ஐதரசன் புதுச்சேரிக்குப் புதியதன்று. நகரின் வடக்கே காலாப்பட்டில் 1985 முதல் இயங்கிவரும் கெம்பேப் அல்கலிசு ஆலை உப்புக் கரைசலைச் சவ்வு முறையில் மின்னாற்பகுத்து எரிசோடாவும் (காஸ்டிக் சோடா) குளோரினும் உற்பத்தி செய்கின்றது. இத்தகைய எந்த ஆலையிலும் ஒரு டன் எரிசோடாவுக்கு 25 கிலோகிராம் ஐதரசன் துணைவிளைபொருளாகக் கிடைக்கும். இவ்வகைத் தொழிலுக்குச் சூரிய மின்சாரம் வழங்கப்படுமாயின், புதிய மின்னாற்பகுப்புக் கருவி எதுவும் வாங்காமலேயே ஐதரசனின் ஒரு பகுதி பசுமையாகும்.

பேரிடர்: 2011 திசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று பெங்கல் புயலும் புதுச்சேரிப் பகுதியைத் தாக்கின. தானே புயலுக்குப் பின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலும் குறைவு. அந்நாட்களில் மருத்துவமனைகளும் குடிநீர் நிலையங்களும் டீசல் மின்னாக்கிகளை நம்பியுள்ளன. கோடை வெயிலை மழைக்காலத்துக்குச் சேமிக்க மின்கலம் பொருத்தமற்றது. பல மாதங்கள் கழித்தும் குறையாமல் உருளையில் இருக்கக்கூடிய ஐதரசன் இங்கு பொருத்தமுடையது. ஆயினும் தொழிலகங்களில் வழங்கும் எஃகு உருளை ஒன்றில் சுமார் 0.6 கிலோகிராம் ஐதரசனே அடங்கும். அதிலிருந்து எரிபொருள் கலத்தில் கிடைப்பது 10 யூனிட், அதாவது மூன்று லிட்டர் டீசல் தரும் மின்சாரம். 200 லிட்டர் டீசல் பீப்பாய் ஒன்றுக்கு ஈடாக அறுபதுக்கும் மேற்பட்ட உருளைகள் தேவைப்படும்.

பயன்பாட்டின் முன்னுரிமை

மேற்கண்ட கணக்குகளிலிருந்து, சூரிய ஐதரசனை எங்கே பயன்படுத்துவது தகும் என்பதற்கு ஒரு பொது ஒழுங்கு பெறப்படுகின்றது.

தகுந்தவை: உரத்துக்கான அம்மோனியா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, இரும்புத் தாதுவை எஃகாக்குதல் ஆகியவை. இவற்றில் ஐதரசன் வேதிப்பொருளாகவே தேவைப்படுவதால் மின்சாரம் அதற்கு மாற்றாகாது.
ஆராயத்தக்கவை: நெடுந்தொலைவுக் கப்பல் போக்குவரத்து, பருவகாலச் சேமிப்பு, பேரிடர்க்கால மின்வழங்கல் ஆகியவை.
தகாதவை: வீட்டுச் சமையல், நீர் சூடாக்குதல், தெருவிளக்கு, நகருக்குள் ஓடும் சிறு வண்டிகள் ஆகியவை. இவற்றுக்கு மின்சாரத்தை அல்லது வெயிலின் வெப்பத்தை நேரடியாகப் பயன்படுத்துவதே குறைந்த செலவாகும்.

புதுச்சேரி போன்ற சிறு நிலப்பகுதிகளில் இந்த ஒழுங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது. பரந்த தரிசு நிலம் உள்ள இராச்சசுத்தானில் இரு மடங்கு தகடு வைப்பது செலவுக் கணக்கு மட்டுமே. புதுச்சேரியில் அது வயலையோ குடியிருப்பையோ விலையாகக் கேட்கும். ஒரு சதுர மீட்டர் மாடியில் விழும் வெயில், நேரடி மின்சாரமாக 300 யூனிட் ஆவதா, ஐதரசன் வழியாகச் சுற்றி 80 யூனிட் ஆவதா என்பது, அந்த மின்சாரம் எந்த வேலைக்கு, எந்த மாதத்தில் தேவைப்படுகின்றது என்பதைப் பொறுத்தே முடிவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

மின்னாற்பகுப்பு
எரிபொருள் கலம்
ஒளிமின்னழுத்த விளைவு
புதுப்பிக்கத்தக்க ஆற்றல்
ஆரோவில்
புதுச்சேரி